உலை மண்ணில் சுண்ணாம்புக்கு என்ன வேலை?

பித்தளை உருக்கச் சின்ன உலை கட்டப் பழகும் பையன்கள், நாங்கள் அந்த வயதில் செய்த கோளாறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். மண்ணைச் சலிக்காதது, ஈரம் காயுமுன் நெருப்பு மூட்டுவது எல்லாம் ஒரு தடவை பட்டால் தெரிந்துவிடும். மண் இன்னும் சூடு தாங்கட்டும் என்று எதையாவது கலந்து, இருந்த தாங்குதிறனையும் கெடுப்பதுதான் எனக்குப் பொறுக்காது.

சுண்ணாம்பு

காரைக்குடிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் கண்மாய்க் களிமண்ணோடு தாராளமாகச் சுண்ணாம்பு கலந்து உலைக்குள் பூசியிருந்தார்கள். ஏன் தம்பி என்றேன். "எங்க ஐயா வீட்டுச் சுவர் இன்னும் கண்ணாடி மாதிரி நிக்குதேண்ணே, எல்லாம் சுண்ணாம்புதானே?" என்றான். சுவர் நிற்கிறது, சரி. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு குழைத்த அந்தப் பூச்சுக்குள் யாரும் பித்தளை உருக்கவில்லையே!

படித்த பையன்கள் வேறு கணக்குச் சொல்வார்கள். சுண்ணாம்பு உருக 2,500 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், களிமண்ணில் உள்ள அலுமினாவுக்கு 2,000-க்கு மேல், அதிலேயே உள்ள சிலிக்காவுக்கு 1,700. தனித்தனியே எல்லாம் உண்மை. ஆனால் மூன்றும் ஒரு குறிப்பிட்ட அளவில் கலந்தால் 1,170 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். நம் செம்மண்ணில் இரும்பு வேறு இருக்கிறது. அது இன்னும் கீழே இழுத்துவிடும். பித்தளை உருக 900-க்குச் சற்று மேலே போதும்தான். ஆனால் கரியை ஊதுகாற்றோடு எரித்தால் சுவரில் சூடு 1,200-ஐ எளிதாகத் தொடும்.

அவ்வளவு சூடு ஏறாவிட்டாலும் தப்ப முடியாது. வெந்த சுண்ணாம்பு, உலை ஆறியதும் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும். மழைக்காலத்தில் சுவர் பொரிப்பொரியாக உதிரும். அந்தப் பட்டறையிலும் அப்படித்தான் பூச்சு பெயர்ந்து மூசை (உலோகம் உருக்கும் கிண்ணம்) மேல் விழுந்தது. மூசை உடைந்து பித்தளை சாம்பலோடு போயிற்று.

விறகுச் சாம்பலும் இதே ரகம்தான். அதில் சுண்ணாம்போடு பொட்டாசும் உண்டு, அதுவும் மண்ணைச் சீக்கிரம் உருக வைக்கும். பீங்கானுக்கு மெருகு ஏற்ற உதவும், உலைக்கு ஆகாது. சிமென்ட்டும் வேண்டாம், அதிலும் சுண்ணாம்புதான்.

நீங்கள் எதையும் கலக்காவிட்டாலும் கண்மாய் மண்ணிலேயே சுக்கான் கல்லும் (சுண்ணாம்புக் கட்டி) நத்தை ஓடும் இருக்கும். காய்ந்த கட்டியில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அந்த மண்ணை அடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஓட்டுத்தூள்

இடிக்கிற வீடுகளில் ஓடு சும்மாவே கிடைக்கிறது. அதன் தூள் காயும்போது விடும் வெடிப்பைக் குறைக்கும். தாங்கும் சூட்டை உயர்த்தாது, அதுவும் இரும்பு கலந்த செம்மண்தானே. அதற்குப் பதில் உடைந்த ஃபயர் பிரிக்கை (சூடு தாங்கும் உலைச் செங்கல்) இடித்துச் சலியுங்கள். அந்தத் தூள் பாதிக்கு மேல், மீதி ஃபயர் கிளே (சூடு தாங்கும் களிமண்) அல்லது வெள்ளைக் களிமண். இரும்பு குறைவு, அலுமினா அதிகம் என்பதுதான் இதன் பலம்.

உமி

எரிந்து துளையாகும், சூட்டை வெளியே விடாது. வெளிப்பூச்சோடு நிறுத்துங்கள், உள்பக்கம் பூசினால் சுவர் சவலையாகிவிடும்.

ஆற்று மணல்

573 டிகிரியில் மணலில் உள்ள குவார்ட்ஸ் திடீரென விரியும், ஆறும்போது சுருங்கும். சுவர் வெடிக்கும்.

கிராஃபைட்

சிவகங்கையில் கிடைக்கிறதே என்று சுவரில் கலக்காதீர்கள். செஞ்சூட்டில் காற்றுப் பட்டால் எரிந்துபோகும். மூசைக்கு நல்லது, அதற்கும் மேலே மெருகுப் பூச்சு வேண்டும்.