சுவரைப் பார்க்கட்டும் விளக்கு

பிளிஸ்வொர்த் சுரங்கத்துக்குள் முதன்முறை படகு ஓட்டியபோது, எதிரே வந்தவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நியாயமான திட்டுதான். வாடகைப் படகின் முகப்பு விளக்கு எங்கே பார்க்கிறது என்று நான் கவனிக்கவே இல்லை. அது அவர் கண்ணைக் குறிவைத்து அடித்துக்கொண்டிருந்தது.

இங்கிலாந்தின் கிராண்ட் யூனியன் கால்வாயில், ஸ்டோக் புரூர்ன் கிராமத்தை ஒட்டி இருக்கிறது இந்தச் சுரங்கம். 1805-இல் திறந்தது. நீளம் 2,813 மீட்டர். நிதானமாகப் போனால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இங்கே ஓடும் நேரோபோட், அதாவது உள்ளே அறைகள் கொண்ட நீண்டு குறுகிய கால்வாய்ப் படகு, ஏறத்தாழ 2.1 மீட்டர் அகலம்தான் என்பதால் இரண்டு படகுகள் விலகிப் போகலாம். ஆனால் தாராளமாக இடம் கிடையாது.

சிக்கல் என்னவென்றால், ஓட்டுபவர் நிற்பது பின்முனையில். விளக்கோ பதினைந்து மீட்டருக்கு அப்பால் மூக்கில். அது பிறரை என்ன பாடு படுத்துகிறது என்று நமக்குத் தெரிவதே இல்லை.

ஆகவே நுழைவதற்கு முன்பே, கரையில் கட்டியிருக்கும்போது சரிசெய்துவிடுங்கள். விளக்கின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, சற்று மேலாகவும் வலப்பக்கமாகவும் திருப்புங்கள். சுரங்கத்தில் வலப்பக்கமாகவே போகிறோம், எதிர்ப்படகு இடப்பக்கம் வரும். வலச்சுவர் வளைந்து கூரையாகும் இடத்தில் வெளிச்சம் விழ வேண்டும். செங்கல் வரிசை தெரிந்தால் போதும். தூரத்து இருட்டைத் துளைக்க வேண்டியதில்லை. திருகை ஸ்பானரால் இறுக்குங்கள். கையால் இறுக்கினால் என்ஜின் அதிர்வில் விளக்கு மெல்லத் தலை குனிந்துவிடும். எனக்கு அப்படி ஆகியிருக்கிறது.

அடுத்து, அறைகளின் திரைச்சீலைகளை விலக்கி உள்விளக்குகளைப் போடுங்கள். என்னைக் கேட்டால் முகப்பு விளக்கைவிட இதுதான் பெரிய உதவி. ஜன்னல் வெளிச்சம் இருபுறச் சுவர்களிலும் படிந்து, எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று காட்டிவிடும். கேஸ் அடுப்பை மட்டும் அணைத்துவிடுங்கள்.

பின்பக்கம் பளிச்சென்ற வெள்ளை விளக்கு வேண்டாம். பின்னால் வருபவர் அதை எதிரே வரும் படகு என்று நினைத்துக் குழம்புவார். நெற்றியில் மாட்டும் டார்ச்சும் ஆகாது. வணக்கம் சொல்லத் திரும்பினாலே அடுத்தவர் கண் போய்விடும். கையில் ஒரு டார்ச் போதும், அதுவும் தண்ணீரைப் பார்த்தபடி.

எதிரே வெளிச்சம் தெரிந்ததும் பதறாதீர்கள். பக்கத்தில் வந்துவிட்டதுபோல் இருக்கும். நெருங்கப் பத்து நிமிடம்கூட ஆகும். வேகத்தைக் குறையுங்கள். அவருடைய விளக்கு கூசினால் பதிலுக்கு டார்ச் அடிக்காமல் வலச்சுவரைப் பார்த்தபடி ஓட்டுங்கள். இடையில் கூரையிலுள்ள காற்றுத்துளைகளிலிருந்து தண்ணீர் கொட்டும், மழைக்கோட்டு அவசியம்.

வெளியே வந்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள். ஒருமுறை நான் மறந்துபோய், பட்டப்பகலில் கேட்டன் என்ற கால்வாய்ச் சந்திப்பு வரை எரியவிட்டுப் போனேன். எதிரே வந்தவர்கள் எல்லாம் கை காட்டினார்கள். எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நானும் பதிலுக்குக் கையசைத்துக்கொண்டே போனேன்.