கரும்பலகையில் எழுதக் கூடாத பட்டியல்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அடுத்த வாரமே எங்கள் மூன்றாம் வகுப்பில் உண்டியல் வைத்தோம். டெல்டா மாவட்டப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கி அனுப்புவதாகத் திட்டம். பிள்ளைகளுக்கு ஊக்கம் வரட்டும் என்று, யார் எவ்வளவு கொண்டுவந்தார்கள் என்பதைக் கரும்பலகை ஓரத்தில் பெயரோடு எழுதிவந்தேன். மூன்றாம் நாள் ஒரு சிறுமி வரவில்லை. நான்காம் நாளும் வரவில்லை. ஐந்தாம் நாள் பாட்டி கையைப் பிடித்து அழைத்துவந்தார். "ஐம்பது ரூபாய் இல்லாமல் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுகிறாள் டீச்சர்" என்றார். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவள் கண் பலகை மேலேயே இருந்தது.

அன்றே அழித்தேன். வகுப்பறை வசூலில் நடக்கும் பெரிய தவறு இதுதான் என்று இன்றும் சொல்வேன். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொந்தப் பணம் ஏது? அதிகம் கொடுத்தவருக்குக் கைதட்டும்போது நாம் கைதட்டுவது அப்பாவின் சம்பளத்துக்கு. உண்டியலை எடுத்துவிட்டுத் துணிப்பை வைத்தேன். எல்லோரும் வரிசையாக வந்து மூடிய கையை உள்ளே விட்டு எடுத்தார்கள். துணியில் காசு விழுந்தால் சத்தம் கேட்காது. யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று எனக்கும் தெரியாது.

பரிசு கொடுப்பதும் இதே வகைதான். 20 மாதக் குழந்தைகளை வைத்து வார்னகென், தோமசெல்லோ என்ற உளவியலாளர்கள் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், உதவியதற்குப் பொருள் பெற்ற குழந்தைகள் பிறகு உதவுவது குறைந்தது. எதுவும் பெறாத குழந்தைகளும், பாராட்டு மட்டும் பெற்றவர்களும் தொடர்ந்து உதவினார்கள்.

பணம்தான் உதவி என்று பிள்ளைகளை நினைக்க விடுவது அடுத்த தவறு. வீட்டில் கிடக்கும் பழைய செய்தித்தாளைச் சேர்த்து எடைக்குப் போட்டால் வரும் காசு மொத்த வகுப்பின் காசு. நோட்டுக்கு அட்டை போடும் வேலையில் அந்தச் சிறுமியை மிஞ்ச ஆள் இல்லை. மூலையை மடித்து நகத்தால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பாள், அப்புறம் அது அசையாது. லேபிளில் பெயர் எழுதும் கோட்டைக் காலியாக விடச் சொன்னதும் அவள்தான். "அவர்கள் பெயரை அவர்களே எழுதட்டும் டீச்சர்."

வகுப்பைப் பெருக்குவது, குடிநீர்ப் பானை நிரப்புவது போன்ற வேலைகளைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். தாமதமாக வந்தவன் பெருக்க வேண்டும் என்றால், பெருக்குவது இழிவு என்பதுதான் அவன் படிக்கும் பாடம். எல்லோருக்கும் முறை வைத்து வர வேண்டும். துடைப்பம் எப்போதும் குறிப்பிட்ட சில பிள்ளைகள் கைக்கே போகிறதா என்று பாருங்கள். நம் ஊரில் அது எந்தப் பிள்ளைகள் என்று சொல்லத் தேவையில்லை. கழிவறையைக் கழுவுவது பிள்ளைகளின் வேலையே அல்ல.

கிழிந்த சட்டையைத் தானமாக வாங்காதீர்கள். நாளை உன் தம்பிக்குப் போடுவாயா என்று கேட்டால் பிள்ளைகளே பிரித்துவிடுவார்கள். குழந்தைகள் இல்லத்துக்குப் போனால் படம் எடுத்துப் பகிராதீர்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், பிஸ்கட் பொட்டலத்தோடு நிற்க வைக்கப்பட்ட பிள்ளையின் முகத்தை ஒரு முறை பார்த்தவர் மறுபடி கேமராவைத் தூக்க மாட்டார்.

கடைசியாக, கணக்கு. வசூலித்தது எவ்வளவு, வாங்கியது என்ன என்று பெரும்பாலும் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை. நோட்டு வாங்கிய கடையின் ரசீதை அன்று வகுப்புக் கதவில், அவர்கள் கண்ணுக்கு நேரான உயரத்தில் ஒட்டினேன். இடைவேளை தோறும் இரண்டு மூன்று பேர் அங்கே நின்று விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார்கள். நான்கு ரூபாய் மீதி இருக்க வேண்டுமே என்று ஒருவன் வந்து கேட்டான். துணிப்பையை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினேன்.