ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கொலையாளியை நீங்களே பிடிக்க ஒரு வழி

அகதா கிறிஸ்டி எழுதி 1934-ல் வெளிவந்த 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' நாவலை இன்னும் படிக்கவில்லையா? யாராவது முடிவை உளறுவதற்குள் படித்துவிடுங்கள், படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் முடிவைச் சொல்லப் போவதில்லை.

நாவலில் மூன்று பாகம். முதலாவதில் கொலை, இரண்டாவதில் பயணிகளின் சாட்சியம், மூன்றாவதில் துப்பறிவாளர் புவாரோ சாய்ந்து உட்கார்ந்து யோசிக்கிறார். இரண்டாம் பாகம் முடிந்ததும் புத்தகத்தை மூடி வைக்க வேண்டும். கஷ்டம்தான், ஆனால் அதில்தான் மொத்த சுகமும்.

முதலில் ஒரு தாளில் கொலை நடந்த ரயில் பெட்டியை வரையுங்கள். செத்துப்போன ராட்செட் 2-ம் அறை, புவாரோ 1-ம் அறை, 2-க்கும் 3-க்கும் நடுவே ஒரு கதவு. யூகோஸ்லாவியாவில் ரயில் பனியில் புதைந்து நிற்கிறது, வெளியே கால்தடம் இல்லை, அடுத்த பெட்டிக்குப் போகும் கதவும் பூட்டு. ஆக, கொலை செய்தவர் உங்கள் தாளில்தான் இருக்கிறார்.

அடுத்து தடயங்கள்: 1:15-க்கு நின்றுபோன கடிகாரம், எச் எழுத்து தைத்த கைக்குட்டை, பைப் சுத்தம் செய்யும் கம்பி. முதல் தடவை படித்தபோது நான் இதிலேயே மாட்டிக்கொண்டு, பக்கம் பக்கமாக நேரக்கணக்கு போட்டேன். அதைச் செய்யாதீர்கள். இவ்வளவு சின்ன அறையில் இத்தனை பொருள் எப்படி விழுந்து கிடக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு நகருங்கள். பன்னிரண்டு கத்திக்குத்தை மட்டும் விடாதீர்கள். சில ஆழம், சில வெறும் கீறல், அது ஏன்?

இப்போது ஆட்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: எந்த நாடு, என்ன தொழில், அமெரிக்காவில் இருந்ததுண்டா, அந்த இரவில் அவருக்கு யார் சாட்சி. யார் யாருக்குச் சாட்சியோ அவர்களுக்கு நடுவே அம்புக்குறி போடுங்கள். ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாதவர்கள் இவ்வளவு கச்சிதமாக ஒருவரையொருவர் காப்பாற்றுவார்களா என்ற சந்தேகம் தானாக வரும்.

கடைசியாக, எரிந்த காகிதத்தில் தெரியும் டெய்சி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற குழந்தையின் பெயர். 1932-ல் அமெரிக்காவில் லிண்ட்பெர்க் என்ற விமானியின் குழந்தை கடத்திக் கொல்லப்பட்டது. கிறிஸ்டி அந்தக் கொடுமையிலிருந்துதான் டெய்சியின் கதையை எடுத்தார். அப்படியொரு வசதியான வீட்டில் குழந்தையைச் சுற்றி யார் யார் இருந்திருப்பார்கள்? உறவு, வேலையாட்கள், ஒருவர் விடாமல் தனித்தாளில் எழுதி, பயணிகள் பட்டியலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

உங்கள் விடையைப் பேனாவால் எழுதிவிட்டு மூன்றாம் பாகத்தைத் திறங்கள். பென்சில் வேண்டாம், அழிக்கத் தோன்றும்.