உடைந்த பானை ஓட்டிலிருந்து கீழடிக்கு: நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அருங்காட்சியகம் அழைத்துப் போவது எப்படி?

முதன்முறை பிள்ளைகளைக் கீழடிக்கு அழைத்துப் போனபோது, இருபது கேள்விகள் கொண்ட தாளை ஆளுக்கொன்று கொடுத்திருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பொருளை ஒருவரும் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த எழுத்துப் பலகையைக் குனிந்து குனிந்து நகலெடுத்தார்கள். அது முழுக்க என் தவறு. அதன் பிறகு நான் செய்துவரும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் தடவை அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கு உதவும்.

ஒரு வாரம் முன்பு: சில்லு செய்யுங்கள்

வீட்டில் கிடக்கும் உடைந்த மண்பானை ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். துண்டாக்கும் வேலை உங்களுடையது. கூரான முனைகளையும் நீங்களே தட்டி எடுத்துவிடுங்கள். பிறகு பிள்ளைகள் அந்த ஓட்டுத் துண்டுகளைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து வட்டமாக்கட்டும். அரை மணி நேரமாவது பிடிக்கும், பிடிக்கட்டும். அந்தச் சில்லை வைத்து மைதானத்தில் பாண்டி ஆடச் சொல்லுங்கள்.

கீழடி என்ற பேச்சையே இப்போது எடுக்காதீர்கள். கீழடி அகழாய்வில் இதே மாதிரி தேய்த்து வட்டமாக்கிய ஓட்டுச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அதைப் பிள்ளைகள் அங்கே தாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டும். "டீச்சர், நம்ம சில்லு!" என்று ஒரு பிள்ளை கத்தும் அந்த நொடிக்காகத்தான் இவ்வளவும்.

மூன்றரை மீட்டர் கயிறு

கிளம்புவதற்கு முந்தைய நாள் கயிறு ஒன்றை 353 செ.மீ. அளந்து வெட்டி, வராந்தாவில் நீளமாகப் போடுங்கள். கீழடியில் அந்த ஆழத்தில் எடுத்த மாதிரியைச் சோதித்தபோது அதன் காலம் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) 580 என்று தெரிந்தது. ஒரு நுனியில் பிள்ளையின் பெயர், மறு நுனியில் அந்த ஆண்டு. ஆழம் கூடக் கூடக் காலம் பின்னே போகிறது என்பது பிள்ளைகளுக்குக் கயிற்றின் மேல் நடந்தே புரிந்துவிடும்.

பையில் என்ன?

கோடு போடாத தாள் நான்கு, அடியில் வைக்க ஓர் அட்டை, பென்சில், தண்ணீர். பேனா வேண்டாம். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். விடுமுறை நாளையும் படம் எடுக்கும் விதிகளையும் முன்பே கேட்டு வையுங்கள்.

அருங்காட்சியகத்தில்

முதலில் எதையும் எழுத விடாமல் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். செந்நிறச் சூதுபவளக் கல் மணி, நூல் நூற்கும் தக்களி, தந்தப் பகடை, சுடுமண் உருவங்கள் எல்லாம் கண்ணில் படட்டும். பிறகு ஆளுக்கு ஒரு பொருள். அதன் முன்னால் உட்கார்ந்து இருபது நிமிடம் வரைய வேண்டும். வெளிக்கோடு முதலில், உடைந்த இடம் அடுத்து, நிறம் கடைசியில். படத்தின் கீழே மூன்றே வரிகள் போதும்: என் உள்ளங்கையை விடப் பெரியதா, எந்தப் பகுதி காணவில்லை, இதை யார் கையில் வைத்திருந்திருப்பார்கள்.

நன்றாக வரையத் தெரியாத பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கோணலாக வரையும் பிள்ளைதான் திரும்பத் திரும்ப நிமிர்ந்து பார்க்கிறது.

கறுப்பு-சிவப்புப் பானை ஓடு முன்னால் மட்டும் எல்லோரையும் நிறுத்துங்கள். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. ஏன் என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்பக்கம் காற்று போகாமல் கறுக்கும், காற்றுப் படும் வெளிப்பக்கம் சிவக்கும். அறிவியல் பாடமும் அங்கேயே முடிந்தது.

திரும்பி வந்து: களிமண்

குயவரிடம் கேட்டுக் களிமண் வாங்குங்கள். மானாமதுரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது எளிது. உருண்டையின் நடுவில் கட்டைவிரலை அழுத்தி, சுற்றிலும் கிள்ளிக் கிள்ளிச் சிறு கிண்ணம் செய்யலாம். நிழலில் வையுங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும். கீழடி ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' என்ற பெயர்கள் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. அதுபோல ஆணியால் பிள்ளைகள் தங்கள் பெயரைக் கீறட்டும். தமிழி எழுத்துப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். 'க' வெறும் கூட்டல் குறிதான் என்று தெரிந்ததும் கவிதாக்களும் கண்ணன்களும் துள்ளுவார்கள். கீறுவதற்குப் பதம் முக்கியம்: ஈரமாக இருந்தால் எழுத்து இழுபடும், முழுக்கக் காய்ந்துவிட்டால் கிண்ணம் விரிசல் விடும். விரலால் அழுத்தினால் குழி விழாத, ஆனால் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும் நேரம்தான் சரியான பதம்.

கண்காட்சி

கயிறு, படங்கள், கிண்ணங்கள், அந்தச் சில்லுகள். எல்லாவற்றையும் பெஞ்சு மேல் அடுக்கி, பெற்றோர் கூட்டத்தன்று பிள்ளைகளையே விளக்கச் சொல்லுங்கள். தாத்தா பாட்டிகளையும் கட்டாயம் வரச் சொல்லுங்கள். சில்லை எடுத்துப் பார்த்துவிட்டுப் பாட்டிகள் தங்கள் ஊரில் ஆடிய ஆட்டங்களைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். ஆட்டத்தின் பெயர், கட்டம் போடும் விதம், விதிகள் எல்லாவற்றையும் அந்தந்தப் பேரப்பிள்ளையே எழுதி வாங்கட்டும். அந்தத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த ஆண்டு வகுப்பை அவற்றிலிருந்தே தொடங்கலாம்.