மூணு நாள்ல நேப்பிள்ஸ் பக்கத்து பழைய ஊர்கள்: முதல் தடவை போறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

மெடிட்டரேனியன் டூர்னு கேட்டா ட்ராவல்ஸ்காரங்க எடுத்து நீட்டுறது ஏதன்ஸ், ரோம், எபேசஸ், கெய்ரோ எல்லாத்தையும் பத்து நாளுக்குள்ள திணிச்ச ஒரு பேக்கேஜ். அதுல பாதி ஏர்போர்ட்லயே போயிடும், மீதி பஸ்ல தூங்கியே போயிடும், கடைசியில போட்டோவைப் பார்த்தா இது எந்த ஊர் தூண்னு நமக்கே தெரியாது. அதனால நான் யார் கேட்டாலும் சொல்றது, ஒரே ஒரு இடத்துல ரூம் போட்டுட்டு சுத்துங்க. அந்த இடம் தெற்கு இத்தாலியில இருக்கற நேப்பிள்ஸ். அங்க இருந்து லோக்கல் டிரெயின்ல போற தூரத்துலயே வெசுவியஸ் எரிமலை வெடிச்சு மூடின பொம்பெயி, ஹெர்குலேனியம்னு ரெண்டு ரோமானிய ஊர் முழுசா இருக்கு, பேஸ்டம்ல கிரேக்கக் கோயில் மூணு இருக்கு, அதெல்லாம் தோண்டி எடுத்த சாமானை வச்சிருக்கற மியூசியமும் இருக்கு. கார் வேண்டாம்.

ஆனா எந்த வரிசையில பார்க்கறோம்கறது ரொம்ப முக்கியம். எல்லாரும் பொம்பெயிக்குத்தான் முதல்ல ஓடுவாங்க, நான் சொல்ற ஆர்டர் வேற: முதல்ல ஹெர்குலேனியம், அப்புறம் பொம்பெயி, அப்புறம் மியூசியம், கடைசியா பேஸ்டம். ஏன்னு கீழ வரும்.

ஸ்டெப் 1: கிளம்பறதுக்கு முன்னாடி

ஏப்ரல், மே, இல்லைன்னா செப்டம்பர் கடைசியில இருந்து அக்டோபர். ஜூலை ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம், நம்ம ஊரு வெயில்லயே வளர்ந்தவங்கதானேன்னு நினைக்காதீங்க, கூரையே இல்லாத ஊருக்குள்ள நாலு மணி நேரம் நடக்கணும், ஒதுங்க நிழல் கிடையாது.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேணும், அதுக்கு குறைஞ்சது 30,000 யூரோ கவர் பண்ற இன்ஷூரன்ஸ் கேப்பாங்க, பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியில இருந்தே அப்ளை பண்ணலாம். ரோம்ல இறங்கினா டெர்மினி ஸ்டேஷன்ல இருந்து ஃபாஸ்ட் டிரெயின்ல நேப்பிள்ஸ் ஒண்ணேகால் மணி நேரத்துக்குள்ள வந்துடும்.

ரூம் எங்க போடறதுன்னா, சென்ட்ரல் ஸ்டேஷன் வாசல்லயே போட்டா வசதிதான், ஆனா சத்தமும் கூட்டமும் ஜாஸ்தி. நான் சொல்றது மெட்ரோ லைன் 1ல தாந்தே, இல்ல மூசேயோ ஸ்டேஷன் பக்கம். மியூசியத்துக்கு நடந்தே போயிடலாம், பீட்சா கடையும் அங்கதான் நிறைய. சைவம் சாப்பிடறவங்க கவலைப்பட வேண்டாம், மார்கரீட்டா இருக்கு, சீஸும் வேண்டாம்னா மரினாரா கேளுங்க, தக்காளி, பூண்டு, ஓரிகானோ அவ்வளவுதான், பேரைப் பார்த்துட்டு மீன் இருக்கும்னு பயப்படாதீங்க.

ஸ்டெப் 2: டிக்கெட்

பொம்பெயிக்கு மட்டும் கண்டிப்பா ஆன்லைன்ல முன்னாடியே எடுத்துடுங்க. 2024 நவம்பர்ல இருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல உள்ள விடறதில்லை, டிக்கெட்ல பேரும் போட்டுடறாங்க, அதனால பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே பேர் டைப் பண்ணுங்க, கேட்ல ஐடி கேட்பாங்க. டிக்கெட்ல ரெண்டு வகை, ஒண்ணு ஊருக்குள்ள மட்டும், இன்னொண்ணு ஊர் மதிலுக்கு வெளிய இருக்கற மிஸ்டரீஸ் வில்லாவையும் சேர்த்து. சில யூரோதான் வித்தியாசம், ரெண்டாவதை எடுங்க, அந்த வில்லாவோட சிவப்புச் சுவர் ஓவியத்துக்காகவே எடுக்கலாம்.

பேக் 30 x 30 x 15 செ.மீ.க்கு மேல இருந்தா பொம்பெயி உள்ள விடமாட்டாங்க, ட்ராலியை உருட்டிட்டுப் போகாதீங்க. மாசத்துல முதல் ஞாயிறு அரசு மியூசியம், சைட் எல்லாம் ஃப்ரீ. ஃப்ரீன்னதும் சந்தோஷப்படாதீங்க, அன்னைக்கு ஊரே அங்கதான் நிக்கும். நேப்பிள்ஸ் மியூசியம் செவ்வாய்க்கிழமை லீவு, இதை வச்சுத்தான் மத்த நாளை பிளான் பண்ணணும்.

ஸ்டெப் 3: டிரெயின்

சென்ட்ரல் ஸ்டேஷனுக்குக் கீழ்த்தளத்துல கரிபால்டின்னு ஒரு ஸ்டேஷன், அங்க சிர்கும்வெசுவியானான்னு ஒரு சின்ன டிரெயின், வெசுவியஸ் எரிமலையைச் சுத்திப் போகும். சொரெண்டோ போற வண்டியில ஏறணும். எர்கொலானோ ஸ்காவி இருபது நிமிஷத்துல வரும், அதுதான் ஹெர்குலேனியத்துக்கு. பொம்பெயிக்கு இறங்க வேண்டிய ஸ்டேஷன் பேரு பொம்பெயி ஸ்காவி வில்லா தெய் மிஸ்தேரி, முப்பத்தஞ்சு நாற்பது நிமிஷம். இதை முழுசா மனப்பாடம் பண்ணிக்கங்க, ஏன்னா வெறும் பொம்பெயின்னு பேர் வச்ச வேற ஸ்டேஷனும் இருக்கு, அது வேற லைன், இறங்கினா இன்னைக்கு மக்கள் வாழற புது ஊருக்குள்ளதான் நிப்பீங்க. ஸ்காவின்னா தோண்டி எடுத்த இடம்னு அர்த்தம், அந்தப் பேர் இருக்கான்னு பார்த்து ஏறுங்க.

ரிசர்வேஷன் கிடையாது, காலையில செம கூட்டமா இருக்கும், பேக்கை முன்னாடி மாட்டிக்கங்க, போனை பின் பாக்கெட்ல வைக்காதீங்க. அந்த ஊர்ல டிரெயின் ஸ்ட்ரைக் சகஜம், ஆனா பெரும்பாலும் முன்னாடியே அறிவிச்சுடுவாங்க, முந்தின நாள் ராத்திரி ஹோட்டல்ல ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

ஸ்டெப் 4: முதல் நாள், ஹெர்குலேனியம்

ஸ்டேஷன்ல இறங்கி கடலைப் பார்த்து நேரா இறக்கத்துல பத்து நிமிஷம் நடந்தா கேட் வந்துடும். உள்ள போனதும் ஒரு நீளமான சரிவுப் பாதை, அதுல நடக்கும்போது கீழ குழிக்குள்ள ஒரு ஊர் இருக்கறது தெரியும், அந்தக் குழிக்கு மேல விளிம்புல இன்னைக்கு இருக்கற வீடுங்க, மாடியில துணி காயுது. இந்த இடத்துல ரெண்டு நிமிஷம் நில்லுங்க, ஏன்னா இந்த ஆழம்தான் முழுக் கதையும்.

கி.பி. 79ல வெசுவியஸ் வெடிச்சப்ப காத்து தென்கிழக்குப் பக்கம் அடிச்சுது. அதனால பொம்பெயி மேல முதல் நாள் முழுக்க நுரைக்கல்லும் சாம்பலும் மழையா கொட்டி கூரையெல்லாம் பாரம் தாங்காம உடைஞ்சு விழுந்துச்சு. ஹெர்குலேனியத்துல அப்படி பெருசா எதுவும் விழல, ஆனா ராத்திரி மலையில இருந்து கொதிக்கற வாயுவும் சாம்பலும் சேர்ந்து புரண்டு வந்து ஊரையே மூடிடுச்சு, சில இடத்துல 20 மீட்டர் உயரத்துக்கு. அந்தச் சூட்டுல மரம் எரிஞ்சு போகாம கரியா மாறி அப்படியே நின்னுடுச்சு. அதனாலதான் இங்க மாடி இருக்கு, உத்தரம் இருக்கு, கதவுச் சட்டம் இருக்கு. பொம்பெயியில இதெல்லாம் அபூர்வம். இங்க ஒரு முழு வீட்டை பார்த்துட்டுப் போனாத்தான் நாளைக்கு பொம்பெயியில வெறும் குட்டிச்சுவரைப் பார்க்கும்போது மீதியை மனசாலயே கட்ட முடியும். வரிசையை மாத்தச் சொன்னதுக்குக் காரணம் இதுதான்.

மரத் தடுப்பு வீடுன்னு ஒண்ணு இருக்கு, அதைத் தேடிப் போங்க. ஹாலையும் உள் ரூமையும் பிரிக்கற மரத் தடுப்பு, கரிக்கட்டையா கறுத்து, கண்ணாடிக்குப் பின்னாடி நிக்குது, அதுல விளக்கு மாட்டற வெண்கலக் கொக்கி இன்னும் இருக்கு. ஹால்ல நின்னு மேல பாருங்க, கூரை நடுவுல திறந்திருக்கும், மழைத்தண்ணி விழ கீழ ஒரு தொட்டி. செட்டிநாட்டுப் பக்கம் முற்றம் வச்ச வீட்டைப் பார்த்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அடுத்தது நெப்டியூன் ஆம்பிட்ரைட் வீடு, நீலக் கண்ணாடித் துண்டு பதிச்ச சுவர் பளிச்சுன்னு இருக்கும், அதை ஒட்டியே ஒரு கடை, மர அடுக்குல ஒயின் ஜாடி அடுக்கினபடியே.

கடைசியா பழைய கடற்கரை. அங்க படகு நிறுத்தற கமான் அறைங்க வரிசையா இருக்கும், 1980கள்ல இருந்து தோண்டினப்ப சுமார் 300 பேரோட எலும்புக்கூடு அங்கயும் கரையிலயும் கிடைச்சுது, படகுக்காகக் காத்திருந்தவங்க. சின்னப் பிள்ளைங்களோட போறவங்க முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க.

ரெண்டரை மணி நேரம் போதும், கைடு அவசியமில்லை.

ஸ்டெப் 5: ரெண்டாம் நாள், பொம்பெயி

இங்க கைடு வச்சுக்கலாம், இடம் சுமார் 66 ஹெக்டேர், அதுல மூணுல ரெண்டு பங்கு தோண்டியிருக்காங்க, மேப்பை மட்டும் வச்சுக்கிட்டு சுத்தினா பாதி நேரம் பூட்டின வீட்டு வாசல்லதான் நிப்போம். ஸ்டேஷன் வாசல்ல கையைப் பிடிச்சு இழுப்பாங்க, அவசரப்படாதீங்க, லைசென்ஸ் கார்டு கழுத்துல தொங்குதான்னு பாருங்க, எத்தனை பேர் குரூப், எவ்வளவு நேரம், டிக்கெட் காசு சேர்ந்ததா இல்லையான்னு மூணையும் கேட்டுட்டு அப்புறம் காசு பேசுங்க.

கைடு சொல்றதையெல்லாம் அப்படியே நம்பவும் வேண்டாம். எரிமலை வெடிச்சது ஆகஸ்ட் 24ன்னு அடிச்சுச் சொல்வாங்க, ஆனா அக்டோபர் 17ன்னு தேதி போட்டு கரியில கிறுக்கின ஒரு சுவர் எழுத்து 2018ல வெளிய வந்துச்சு, அதனால வெடிச்சது அக்டோபர் கடைசியா இருக்கலாம்னு நிறைய ஆய்வாளர்கள் இப்ப சொல்றாங்க. அதே மாதிரி தங்கக் காப்பு போட்ட அம்மா மடியில குழந்தைன்னு ஒரு வார்ப்பைப் பத்தி உருகி உருகி கதை சொல்வாங்க, 2024ல வந்த டிஎன்ஏ ஆய்வுல அது ஆம்பளைன்னும் குழந்தைக்கு ரத்த சொந்தமே இல்லைன்னும் தெரிஞ்சுது. வார்ப்புன்னா என்னன்னா, உடம்பு மக்கிப்போய் சாம்பலுக்குள்ள உண்டான வெத்து இடத்துல பிளாஸ்டரை ஊத்தி எடுக்கறது, 1863ல ஃபியோரெல்லிங்கறவர் ஆரம்பிச்சு வச்சது.

ரூட் இப்படி: காலையில கேட் திறந்ததும் போர்த்தா மரீனாங்கற வாசல் வழியா உள்ள, ஏத்தம் முடிஞ்சதும் ஃபோரம், அதாவது ஊரோட நடு மைதானம், அங்க இருந்து வடக்க ஃபோரம் குளியல் கூடம், எதிர்ல நாய் மொசைக் வீடு, அப்புறம் ஃபான் (Faun) வீடு, வெட்டி (Vettii) வீடு. அந்த வெட்டி வீடு பல வருஷம் மூடியிருந்து 2023 ஜனவரியில திறந்தாங்க, அடிமையா இருந்து விடுதலையாகி பணக்காரங்களான ரெண்டு பேரோட வீடு, வாசல்லயே ஒரு ஓவியத்துல ஒரு சாமி தன்னோட உறுப்பை தராசுல வச்சு நிறுத்துக்கிட்டு இருப்பாரு, குடும்பத்தோட போறவங்க தயாரா இருங்க. அதுக்கப்புறம் பேக்கரி, ஸ்டேபியன் குளியல் கூடம், அபொந்தான்சா தெரு வழியா கிழக்கால நடந்து ஆம்ஃபிதியேட்டர், அந்தப் பக்க கேட்லயே வெளிய வந்துடலாம். மிஸ்டரீஸ் வில்லா மதிலுக்கு வெளிய எதிர்த் திசையில இருக்கு, தெம்பு இருக்கும்போதே வெட்டி வீட்டுக்கு அடுத்து அதைப் பார்த்துட்டுத் திரும்புங்க.

வீட்டை விட எனக்குப் பிடிச்சது தெருதான். கீழ பார்த்தே நடங்க. ரோட்டுக்குக் குறுக்க பெரிய பெரிய கல்லு தூக்கலா பதிச்சிருப்பாங்க, தெருவுல சாக்கடையும் மழைத்தண்ணியும் ஓடினதால கால் நனையாம தாண்டறதுக்கு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல வண்டிச் சக்கரம் போற அளவு இடைவெளி, சக்கரம் தேய்ச்சுத் தேய்ச்சு எரிமலைக் கல்லுலயே பள்ளம் விழுந்திருக்கு, உள்ளங்கை வச்சுப் பாருங்க, வழுவழுன்னு இருக்கும். தெரு முனையில இருக்கற தண்ணித் தொட்டியோட விளிம்பைப் பாருங்க, குழாய்க்குப் பக்கத்துல மட்டும் கல்லு குழிஞ்சிருக்கும், ஒவ்வொருத்தரும் அதே இடத்துல கையை ஊணி குனிஞ்சு குடிச்சதால. வாசல்ல வட்டமா ஓட்டை வச்ச மேடை இருந்தா அது சாப்பாட்டுக் கடை, மேடைக்குள்ள ஜாடியைப் புதைச்சு வச்சு வித்திருக்காங்க. சுவர்ல சிவப்பு எழுத்து இருந்தா அநேகமா எலெக்‌ஷன் விளம்பரம், இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கன்னு.

ஹீல்ஸ் வேண்டாம், தேய்ஞ்ச செருப்பும் வேண்டாம், அந்தக் கல்லு வழுக்கும். தண்ணி பாட்டில் மட்டும் எடுத்துட்டுப் போங்க, உள்ளயே குடிதண்ணிக் குழாய் இருக்கு, ரொப்பிக்கலாம்.

ஸ்டெப் 6: மூணாம் நாள், மியூசியம்

ரெண்டு ஊரோட நல்ல ஓவியம், சிலை, மொசைக் எல்லாம் நேப்பிள்ஸ் தொல்லியல் மியூசியத்துலதான். ஃபான் வீட்டுத் தரையில நேத்து பார்த்த அலெக்சாண்டர் மொசைக் வெறும் நகல், பத்து லட்சத்துக்கும் மேல சின்னச் சின்னக் கல்லு பதிச்ச ஒரிஜினல் இங்க வந்துடுச்சு. ரோம்ல இருந்து வந்த, ஃபார்னேஸ்ங்கற பணக்காரக் குடும்பம் சேர்த்து வச்ச சிலைங்களும் இருக்கு, காளைச் சிலையைப் பார்த்தா தலை சுத்தும், அவ்வளவு பெருசு.

நம்மாளுங்க கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டியது ஒண்ணு: பொம்பெயி லட்சுமின்னு சொல்ற தந்தச் சிலை, சுமார் 25 செ.மீ. உயரம், 1938ல அபொந்தான்சா தெருவுல ஒரு வீட்டுல கிடைச்சுது. பேரு லட்சுமின்னாலும் யட்சியா இருக்கும்னுதான் பலரும் சொல்றாங்க, அடியில கரோஷ்டிங்கற பழைய வடமேற்கு இந்திய லிபியில ஒரு எழுத்து இருக்கு, மகாராஷ்டிராவுல போகர்தன்ல இதே சாயல்ல ஒண்ணு கிடைச்சிருக்கு. அதனால இதைத் தமிழ்நாட்டுச் சிலைன்னு வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்ணாதீங்க. நமக்குச் சொந்தம் வேணும்னா மிளகு இருக்கே. சேர நாட்டு முசிறித் துறைமுகத்துல இருந்து கப்பலேறின மிளகு எகிப்து வழியா அலெக்சாண்டிரியா வந்து அங்க இருந்து இத்தாலிக்குப் போச்சு, அந்த அலெக்சாண்டிரியா கப்பலுங்க வந்து நின்ன பெரிய துறைமுகம் இதே வளைகுடாவுல இருக்கற பொத்சுவோலிதான். மெட்ரோ லைன் 2ல போயிடலாம். அங்க பழைய மார்க்கெட்ல நிக்கற மூணு பளிங்குத் தூணுல பாதி உயரத்துல கடல் சிப்பி துளைச்ச ஓட்டை இருக்கும், நிலமே கடலுக்குள்ள இறங்கி மறுபடி மேல வந்ததுக்கு அத்தாட்சி. மியூசியத்தை மதியத்துக்குள்ள முடிச்சவங்க சாயங்காலம் போய்ப் பாருங்க.

ஸ்டெப் 7: இன்னொரு நாள் இருந்தா, பேஸ்டம்

மூணு நாளோட நிறுத்தறவங்க இதை விட்டுடலாம், ஆனா எனக்கு மனசு கேக்காது. சென்ட்ரல்ல இருந்து சாதா டிரெயின், ஒண்ணேகால் மணி நேரம் ஒண்ணரை மணி நேரம், ஸ்டேஷன்ல இருந்து பழைய கோட்டைவாசல் வழியா நடந்தா கோயில்தான். கி.மு. 600 வாக்குல கிரேக்கர்கள் வந்து குடியேறின ஊரு, அவங்க வச்ச பேரு பொசெய்டோனியா. மூணு கோயில்ல பழசு பசிலிக்கான்னு சொல்ற, ஹேராங்கற கிரேக்கப் பெண் தெய்வத்தோட கோயில், கி.மு. 550 வாக்குல கட்டினது, ஏதன்ஸ் பார்த்தெனானை விட நூறு வருஷம் மூத்தது. முன்பக்கத் தூணை எண்ணிப் பாருங்க, ஒன்பது வரும். ஒத்தைப்படையா வச்சதால நடுவுல வாசலுக்குப் பதிலா தூண் வந்து நிக்குது, உள்ளயும் நடுவால ஒரு தூண் வரிசை. பக்கத்துல நூறு வருஷம் கழிச்சுக் கட்டின பெரிய கோயில்ல ஆறு தூண்தான், நடுவுல வழி திறந்துடுச்சு. ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தா கட்டறவங்க கை எப்படித் தேறினதுன்னு புக் படிக்காமலே புரியும்.

மியூசியத்துல நீச்சல்காரன் கல்லறைன்னு ஒண்ணு, 1968ல கண்டுபிடிச்சது, கி.மு. 480 வாக்கு. மூடி கல்லோட உள்பக்கத்துல ஒருத்தன் தண்ணிக்குள்ள தலைகீழாப் பாயற ஓவியம், பிணத்துக்கு மட்டும் தெரியற மாதிரி வரைஞ்சிருக்காங்க. அந்தக் காலத்து கிரேக்கப் பானை ஓவியம் ஆயிரக்கணக்குல இருக்கு, சுவர்ல வரைஞ்ச ஓவியம் இப்படி தப்பிச்சது ரொம்ப ரொம்பக் கம்மி, அதனால கூட்டம் இல்லைன்னா கொஞ்சம் நேரம் நின்னு பாருங்க.

சுத்துவட்டாரத்துல எருமைப் பண்ணை நிறைய, மொட்சரெல்லா அன்னன்னைக்குப் போட்டது கிடைக்கும், மதிய சாப்பாட்டுக்கு அது போதும். திரும்பற டிரெயின் அடிக்கடி கிடையாது, இறங்கின உடனே ஸ்டேஷன் போர்டை போட்டோ எடுத்து வச்சுக்கங்க. அடுத்த நாள் ரோம்ல ஃப்ளைட்னா நேப்பிள்ஸுக்கே திரும்பி வரணும்னு இல்லை, பெட்டியோடவே கிளம்பி வழியில சலேர்னோவுல இறங்கினா அங்க இருந்து ரோமுக்கு ஃபாஸ்ட் டிரெயின் இருக்கு. ஆனா பெட்டியை பேஸ்டம்ல வைக்க இடம் கிடைக்குமான்னு முந்தின நாளே போன் பண்ணிக் கேட்டுடுங்க, இல்லைன்னா கோயிலைச் சுத்தி ட்ராலியை இழுக்க வேண்டியதுதான்.