சிபாப் கருவியை நிறுத்துவோர் செய்யும் தவறுகள்: ஹார்மோன்கள் சொல்வது என்ன?

ஸ்லீப் ஆப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடைக்கு, முகமூடி வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தும் சிபாப் கருவியைப் பயன்படுத்துவோரில் பலர், குறட்டை நின்று பகல் சோர்வும் விலகியதும், நோய் தீர்ந்துவிட்டதாக எண்ணிக் கருவியை எடுத்து வைத்துவிடுகிறார்கள். தவறுகளில் தலையாயது இதுவே. தொண்டைத் தசை சரிந்து மூச்சுவழியை அடைத்துவிடாமல் கருவியின் காற்றழுத்தம் தாங்கிப் பிடிக்கிறதே தவிர, அந்தத் தசையின் இயல்பை அது மாற்றுவதில்லை. ஆகவே கருவியை நிறுத்திய சில இரவுகளுக்குள், பெரும்பாலும் முதல் இரவிலேயே, மூச்சுத்தடை திரும்பிவிடுகிறது.

அதனுடன் ஹார்மோன் மாற்றங்களும் திரும்புகின்றன. மூச்சு அடைபடும் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் குறைய, மூளை ஆபத்தை உணர்ந்து உடலை உலுக்கி எழுப்புகிறது. அப்போது அட்ரினலின் வகை ஹார்மோன்கள் சுரக்கின்றன. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், கருவியை இரண்டு வாரம் நிறுத்தியவர்களின் சிறுநீரில் இந்த வகை ஹார்மோன்கள் கூடியிருந்தன. காலை நேர இரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 8 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தது. 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு, கருவியின்றி உறங்கிய இரவில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலும் இரத்தச் சர்க்கரையும் கொழுப்பு அமிலங்களும் உயர்வதைக் காட்டியது. இவற்றில் எதையும் உறங்குபவர் உணர்வதில்லை என்பதால், "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்பதை அளவுகோலாகக் கொள்வது அடுத்த தவறாகிறது.

கருவியை முற்றிலும் விடாமல், விடியற்காலையில் மட்டும் கழற்றிவிடுவோரும் உண்டு. நான்கு மணி நேரம் போட்டால் போதும் என்ற நம்பிக்கை இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த எண் கருவியின் பயன்பாட்டைக் கணக்கிட வைத்துக்கொண்ட குறைந்தபட்ச வரையறையே அன்றி, போதுமான சிகிச்சைக்கான அளவு அன்று. கனவுத் தூக்கம் இரவின் பிற்பகுதியில்தான் அதிகம் வருகிறது. அந்த வேளையில் தசைகள் மிகவும் தளர்ந்திருப்பதால் மூச்சுத்தடை நீண்டும் ஆக்சிஜன் சரிவு ஆழ்ந்தும் இருக்கும். பாதுகாப்பு மிகுதியாகத் தேவைப்படும் நேரத்தில்தான் அவர்கள் முகமூடியைக் கழற்றுகிறார்கள். மூக்கு வறட்சி, காற்றுக் கசிவு ஆகியவை காரணமென்றால், ஈரப்பதமூட்டியும் பொருத்தமான முகமூடியும் பெரும்பாலும் அதைத் தீர்த்துவிடும்.

இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவதை முதுமை அல்லது புராஸ்டேட் கோளாறு என்று முடிவுகட்டுவதும் வழக்கம். அடைபட்ட மூச்சை இழுக்க முயலும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் தாழ்ந்து இதயத்தின் மேலறை விரிகிறது. உடலில் நீர் மிகுந்துவிட்டதாக அது தவறாகக் கொண்டு, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. கருவியை நிறுத்தியபின் இத்தொல்லை தொடங்கியிருந்தால், தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

ஆண்களில் சிலர் சோர்வுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் குறைவுதான் காரணமென்று ஊசி நாடுகிறார்கள். சிகிச்சை பெறாத கடுமையான மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு அது நோயை மோசமாக்கக்கூடும் என்பதால், மூச்சுத்தடைக்கான சிகிச்சையை முதலில் சீராக்க வேண்டும். கருவியால் டெஸ்டோஸ்டிரோன் தானாக உயரும் என்று எதிர்பார்ப்பதற்கும் போதிய ஆதாரம் இல்லை; உடல் எடையே அதில் பெரும் பங்கு வகிக்கிறது.

கருவியை நிறுத்திய நிலையில் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ பரிசோதித்து, கருவியை நிறுத்தியதை மருத்துவரிடம் மறைப்பது கேடு விளைவிக்கும். உயர்ந்த அளவைக் கண்டு அவர் மருந்தைக் கூட்டிவிடக்கூடும். உடல் எடை நன்கு குறைந்ததால் கருவி தேவையில்லை என்று கருதுவோர், தாமாக நிறுத்தாமல், மருத்துவர் ஆலோசனையுடன் உறக்கப் பரிசோதனையை மீண்டும் செய்து, முடிவு தெரியும்வரை கருவியைத் தொடர வேண்டும்.