ஸ்க்ரீன் அமர்வுக்குள் நுழையாமலே சாளரத்தின் உள்ளடக்கத்தை எடுப்பது எப்படி?

தொலைவில் உள்ள சர்வரில், நெடுநேரம் ஓடும் ஒரு பணியை, இணைப்பைத் துண்டித்த பிறகும் பணிகளை ஓடவிடும் குனு ஸ்க்ரீன் நிரலின் அமர்வுக்குள் விட்டுவிட்டு வெளியேறியவர், அது எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ஒவ்வொரு முறையும் அமர்வுடன் மீண்டும் இணைய வேண்டியதில்லை. சாளரத்தில் தெரியும் எழுத்துகளை வெளியிலிருந்தே கோப்பாக எடுப்பதற்கு ‘ஹார்டுகாப்பி’ என்ற கட்டளை ஸ்க்ரீனிலேயே உண்டு. இங்கே வரும் கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களைத் தனியே குறித்திருக்கிறேன்.

முதலில் ‘ஸ்க்ரீன் -எல்எஸ்’ என்று கொடுத்து அமர்வின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அமர்வின் பெயர் ‘பேக்கப்’ என்றால், கட்டளை இப்படி அமையும்:

ஸ்க்ரீன் -எஸ் பேக்கப் -பி 0 -எக்ஸ் ஹார்டுகாப்பி /டிஎம்பி/நிலை.டிஎக்ஸ்டி

இதில் எஸ், எக்ஸ் இரண்டும் பெரிய எழுத்துகள். சிறிய எக்ஸைத் தட்டினால் கட்டளை அனுப்பப்படாமல், ஸ்க்ரீன் உங்களை அந்த அமர்வுடனேயே இணைக்க முயலும். ‘-பி 0’ (பி என்பது ஆங்கில p) என்பது சாளரத்தின் எண். எண்ணுக்குப் பதிலாகச் சாளரத்தின் தலைப்பையும் தரலாம். ஒரே சாளரம்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள். யாரும் இணையாத அமர்வில் எந்தச் சாளரத்தைக் குறிக்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவதே பாதுகாப்பு.

பலரும் தடுமாறும் இடம் கோப்பின் பாதை. கோப்பை எழுதுவது நீங்கள் தட்டிய கட்டளை அன்று. பின்னணியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்க்ரீன் செயல்முறைதான் அதை எழுதுகிறது. ஆகவே வெறும் கோப்புப் பெயரை மட்டும் கொடுத்தால், நீங்கள் நிற்கும் அடைவில் அதைத் தேடி ஏமாற நேரும். வேரிலிருந்து தொடங்கும் முழுப் பாதையைக் கொடுப்பதே நல்லது. பெயரே தராவிட்டால், சாளர எண்ணைப் பின்னொட்டாகக் கொண்ட ‘ஹார்டுகாப்பி.0’ போன்ற கோப்பு உருவாகும். அதே பெயரில் பழைய கோப்பு இருந்தால், இயல்பாக அது அழிந்து புதியது எழுதப்படும்.

மேலே சொன்ன கட்டளை திரையில் அந்தக் கணம் தெரிவதை மட்டுமே எடுக்கும். மேலே நகர்ந்துபோன வரிகளும் வேண்டுமென்றால் ‘ஹார்டுகாப்பி’க்கு அடுத்து ‘-எச்’ சேர்க்க வேண்டும். ஆனால் ஸ்க்ரீன் இயல்பாக நினைவில் வைத்திருப்பது 100 வரிகளே. பிழைச்செய்தி அதற்கு முன்பே ஓடிப்போயிருந்தால் எந்தக் கட்டளையாலும் அதை மீட்க முடியாது. அமர்வைத் தொடங்குமுன் ஸ்க்ரீனின் அமைப்புக் கோப்பான ‘.ஸ்க்ரீன்ஆர்சி’யில் ‘டெஃப்ஸ்க்ரோல்பேக் 5000’ என்ற வரியைச் சேர்த்துவிடுவது அவசியம் என்பேன்.

முனையத்திலேயே பார்க்க, எழுதப்பட்ட கோப்பை ‘கேட்’ கட்டளையால் விரிக்கலாம். இதை ஸ்கிரிப்டில் வைப்பவர்கள் இரண்டுக்கும் இடையே ‘ஸ்லீப் 1’ என்று சிறு இடைவெளி விட்டால், கோப்பு எழுதி முடியுமுன் படிக்கும் சிக்கல் நேராது. டிஎம்பி அடைவு எல்லோருக்கும் பொது என்பதால், கடவுச்சொல் போன்றவை திரையில் இருக்கக்கூடுமானால் ‘எம்கேடெம்ப்’ கட்டளை உருவாக்கித் தரும் தற்காலிகக் கோப்பைப் பயன்படுத்தி, வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள். காகிதத்தில் வேண்டுமென்றால் அதே கோப்பை அச்சிடும் கட்டளையான ‘எல்பி’க்குக் கொடுக்கலாம். நிறங்கள் வாரா, அகலமான சாளரத்தின் வரிகள் மடங்கும் என்பதால் தாளைக் கிடைமட்டமாக அச்சிடும் ‘-ஓ லேண்ட்ஸ்கேப்’ சேர்ப்பது உதவும்.

ஸ்க்ரீனைப் போன்ற இன்னொரு நிரலான டிமக்ஸைப் பயன்படுத்துவோருக்கு இந்தச் சுற்றுவழி தேவையில்லை. ‘டிமக்ஸ் கேப்சர்-பேன் -பி -டி பேக்கப்’ (பி, டி என்பவை ஆங்கில p, t) என்றால் உள்ளடக்கம் நேராக முனையத்தில் விழும். ‘-எஸ் -’ என்று பெரிய எஸ்ஸும் அதையடுத்து ஒரு சிறுகோடும் சேர்த்தால், நினைவில் உள்ள பழைய வரிகள் முழுவதும் வரும்.